சுற்றிவந்த வயர்

செப்டம்பர் 11, வியாழன்

காலை நடை வழக்கம்போல். திரும்பும் வழியில் சாளை மீன் வாங்கினேன். வெயில் அதிகம்.

மகள் ஹெப்சிக்கு வேலை கிடைத்துவிட்டது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் எழுதும் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட்டு அனுப்ப வேண்டுமாம். கம்பெனி சென்னையில் இருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் வீட்டில் சொந்தமாக பிராட்பேண்ட் இருக்க வேண்டும், அது நடுநடுவே அறுந்து போகக்கூடாது. முதல் சில மாதங்கள் கவனித்துப் பார்ப்பார்கள். லைன் சரியில்லை என்று கண்டால் சென்னை அலுவலகத்துக்கே வந்துவிடச் சொல்வார்கள்.

நான் அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சின்னப் பிள்ளை இல்லை. கல்யாணம், கோர்ட், விவாகரத்து எல்லாம் பார்த்துவிட்டு வந்தவள். "உன் இஷ்டம்" என்றேன். சென்னை வசதி என்றால் சென்னைக்கே போகலாம், எனக்கு ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியும் என்றும் சொன்னேன். மனைவி ரோஸ்லின் இறந்த பிறகு, ஹெப்சி திரும்பி வருவதற்கு முன், இந்த வீட்டில் நான் தனியாகத்தானே சாப்பிட்டேன். பெரும்பாலும் ரொட்டியும் வாழைப்பழமும்.

மதியம் பேப்பரில் பிராட்பேண்ட் விளம்பரம் கண்ணில் பட்டது. போனும் கையில் இருந்தது. பதிவு செய்து வைத்தேன்.

செப்டம்பர் 13, சனி

லைன் இழுக்கிற கம்பெனியிலிருந்து மாரிச்செல்வம் என்ற ஆள் வந்து பார்த்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு நாலைந்து போன் வந்துவிட்டது. வடக்குத் தெருக் கம்பத்திலிருந்து, பக்கத்து வீட்டு மொட்டைமாடி வழியாக நேராக இறக்கினால் அரை மணி நேர வேலை என்றான்.

பக்கத்து வீடு என்று அவன் சொன்னது என் தம்பி ஆசீரின் வீட்டை. உண்மையில் இரண்டும் ஒரே வீடு. அப்பா கட்டியது. நடுவில் ஒரு சுவர் எழுப்பி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். அவனும் நானும் பேசி ஏழு வருடம் ஆகிறது.

காரணத்தை இங்கே எழுத அவசியமில்லை. இருந்தாலும் ஒழுங்குக்காக எழுதுகிறேன். அம்மா இறந்தபோது கல்லறைக்குக் கல் வைக்கும் பொறுப்பை ஆசீர் எடுத்துக்கொண்டான். கல் வந்தது. அதில் 'அன்பு மக்கள்' என்று போட்டு முதலில் ஆசீர், அடுத்து ஞானசிகாமணி. நான் மூத்தவன். கல்லறைத் தோட்டத்துக்கு வருகிற எவன் படித்தாலும் என்னை இளையவன் என்றுதான் நினைப்பான். கேட்டதற்கு, யார் பேர் முதலில் இருந்தால் என்னண்ணன் என்றான். என்ன என்பது அவனுக்கே தெரியாவிட்டால் நான் சொல்லிக்கொடுக்க முடியாது.

அந்த மாடி வழியாக வேண்டாம் என்றேன். வேறு வழி உண்டா என்று கேட்டேன். உண்டு, கிழக்குத் தெருக் கம்பத்திலிருந்து எடுத்து, கோயில் காம்பவுண்டு வேப்பமரம், டீச்சர் வீட்டு முருங்கை, அப்புறம் நம் வீடு என்று சுற்றி வர வேண்டும் என்றான்.

"சுத்தி வந்தா அறுந்துக்கிட்டேதான் இருக்கும் சார். பொறவு என்னைத் திட்டப்படாது" என்றான்.

திட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

சாம்பார். வயர்க்காரன் வரவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

லைன் வந்துவிட்டது. மாரிச்செல்வம் உள்ளே ஹெப்சிக்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நான் வெளியே நின்றேன். வயர் ஆசீர் பக்கத்துச் சுவரில் எங்கேயும் உரசிவிடக்கூடாது என்பதற்காக. உரசவில்லை. ஒரு சாண் தள்ளித்தான் போகிறது.

ரூட்டர் என்பது வெள்ளைப் பெட்டி, இரண்டு கொம்பு, முன்பக்கம் சின்னச் சின்னப் பச்சை விளக்குகள். ஹெப்சி அதை ஹால் மேஜையில் வைக்கச் சொன்னாள். தூசி படியும். ஷோகேஸில், ரோஸ்லினின் டின்னர் செட்டுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, கண்ணாடிக் கதவைச் சாத்தி, மேலே பின்னல் துணியும் போட்டேன். துணியை ஹெப்சி எடுத்துவிட்டாள். கதவைத் திறந்தும் வைத்துவிட்டாள். டின்னர் செட்டுக்கு இது நல்லதல்ல.

லைனுக்கு ஒரு பேர் வைக்க வேண்டும் என்றாள். 'ஞானசிகாமணி இல்லம்' என்று வைக்கச் சொன்னேன். என் போனில் பார்த்தால், அக்கம்பக்கத்து லைன்களின் பேரெல்லாம் வரிசையாக வருகிறது. பின்னறையில் நின்று பார்த்தால் 'ஆசீர் ஹோம்' மேலே இருக்கிறது, எனக்கு அடுத்த இடம். சிக்னல் பலமாக இருப்பது மேலே வரும் என்று ஹெப்சி விளக்கினாள். இருக்கலாம்.

அக்டோபர் 1, புதன்

ஹெப்சி வேலையில் சேர்ந்தாள். மதியம் பன்னிரண்டுக்கு உட்கார்ந்தால் ராத்திரிச் சாப்பாடு வரை. ஹாலில் மேஜை போட்டிருக்கிறாள். காதில் மாட்டுகிற கருவி ஒன்றும் உண்டு. நான் பேப்பரை மடித்து மடித்து வாசித்தேன், விரித்தால் சரசரக்கிறது.

சாயங்காலமானால் ஆசீர் வீட்டு டிவி. சுவிசேஷக் கூட்டம், மல்யுத்தம், சமையல், எல்லாம் ஒரே சத்தத்தில். அவன் டிவியும் இப்போது நெட்டில்தான் ஓடுகிறதாம். சுவருக்கு இந்தப் பக்கம் மனிதர் இருப்பது அவனுக்கு நினைவு இருப்பதாகத் தெரியவில்லை. கோயிலில் மணியடித்து வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மூலமாகச் சொல்லியனுப்ப வேண்டும். எங்களுக்குள் தண்ணீர் குழாய், வெள்ளையடிப்பு என்று எது வந்தாலும் அவர் மூலமாகத்தான் சேதி போகும், வரும். அவரும் சலிக்காமல் செய்கிறார்.

அக்டோபர் 3, வெள்ளி

மதியம் இடி. ரூட்டர் சுவிட்சை அணைத்தேன். மின்சாரச் சாமான் எதுவானாலும் இடிக்கு அணைத்து வைப்பது இந்த வீட்டு வழக்கம்.

ஹெப்சி பாய்ந்து வந்தாள். என்னப்பா செஞ்சிய என்று கத்தினாள். அழுதுவிடுவாள்போல் இருந்தது. பாதி வேலையில் அறுந்துவிட்டதாம், ஒவ்வொரு தடவை அறுவதையும் அங்கே பதிந்து வைக்கிறார்களாம், மேலதிகாரி அம்மா உடனே கூப்பிட்டு விசாரித்தாளாம். நான் இடியைப் பற்றி எடுத்துச் சொன்னேன். கேட்கிற நிலையில் அவள் இல்லை.

இடி அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. மழையும் பெய்யவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

அசனப் பண்டிகை வேலை தொடங்கிவிட்டது. ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. இரண்டாம் பந்திக்கு நான் பொறுப்பு. கோயில் காம்பவுண்டில் பந்தல் போட லாரியில் சவுக்குக் கம்பும் தகரமும் வந்து இறங்கின. வேப்பமரத்துக் கிளைகள் இடைஞ்சல் என்று வெட்டித் தள்ளினார்கள். பந்தல் எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதில் கமிட்டியில் கருத்து வேறுபாடு. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரவில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால் ஹெப்சி மேஜையைப் பின்னறைக்கு மாற்றியிருக்கிறாள். ஆசீர் வீட்டுச் சுவரை ஒட்டி உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, இங்கே காற்று வருகிறது என்றாள். அந்த அறைக்கு ஜன்னல் கிழக்கே. காற்று வருமா என்பது சந்தேகம். ஆனால் இளம் வயதில் வெக்கை அதிகம் தெரியும்.

ரூட்டரில் புதிதாகச் சிவப்பு விளக்கு ஒன்று எரிகிறது. ரைஸ் குக்கரில் இருப்பதுபோல. மற்ற விளக்குகளைவிட இது நல்ல பிரகாசம். ஷோகேஸுக்கு எடுப்பாக இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

அசனம் நன்றாக நடந்தது. சோறு குழையவில்லை, கறியில் உப்பு சரியாக இருந்தது. ஆசீர் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டாம் பந்தி என் பொறுப்பு என்று அவனுக்குத் தெரியும். அவன் மனைவி புஷ்பம் மட்டும் இரண்டாம் பந்திக்கு நின்று, என் கையால் சோறு வாங்கினாள். "கொஞ்சம் போதும் அத்தான்" என்றாள். அது பந்தி விஷயம், பேச்சில் சேராது.

கால் வலி. தைலம் தேய்த்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மறுபடி இடி. ரூட்டரை அணைத்துவிட்டுப் பின்னறைப் பக்கம் காதைக் கொடுத்தேன். ஹெப்சி பாய்ந்து வரவில்லை. எட்டிப் பார்த்தால் டக்டக்கென்று தட்டிக்கொண்டிருக்கிறாள். அணைத்திருக்கிறேன் என்று சொன்னேன். "சரிப்பா" என்றாள், தலையைக்கூடத் தூக்கவில்லை.

பொறுமை வந்திருக்கிறது. வேலை மனிதரைப் பக்குவப்படுத்துகிறது என்பது சரிதான்.

ஆசீர் வீட்டு டிவி சில நாட்களாகப் பேசுவதில்லை. பழுதாகியிருக்கும். யாருக்கும் கெடுதல் நினைப்பவனல்ல நான். ஆனால் நிம்மதியாக இருக்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் உளுந்தங்களி. கருப்பட்டியும் நல்லெண்ணெயும் அளவாக விழுந்து, கையில் ஒட்டாமல், அம்மா கைப்பக்குவம் அப்படியே. ஹெப்சி கிண்டியதாம். போன வருடம் இவள் கிண்டியதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நல்ல முன்னேற்றம். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அம்மாவிடம் அந்தப் பக்குவத்தைக் கற்றுக்கொண்டவள் புஷ்பம் ஒருத்திதான். அதை இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

காலையில் ஹெப்சி வங்கிக்குப் போயிருந்த நேரம் மாரிச்செல்வம் வந்து நின்றான். லைனைச் சரிபண்ண வந்திருக்கிறானாம். லைனுக்கு ஒன்றுமில்லையே, நன்றாகத்தானே ஓடுகிறது என்றேன். அவன் ஷோகேஸைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"சிவப்பு எரிஞ்சா லைன் செத்துப் போச்சுன்னு அர்த்தம் சார். அசனத்துக்குப் பந்தல் போட்டாங்கல்லா, அன்னைக்கே அறுந்துட்டு. உங்க மக அப்பமே கம்ப்ளைண்ட் குடுத்துட்டாங்க. எங்களுக்குத்தான் ஆளு இல்ல."

அது தெரியும் என்றேன்.

அவன் வேப்பமரத்தில் ஏறி வேலையை முடித்துவிட்டுப் போனான். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. நான் நாற்காலியைப் போட்டு ரூட்டர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பின்னறைச் சுவர், அணைத்தும் ஓடிய வேலை, களி, எல்லாம் ஒவ்வொன்றாகக் கணக்குக்கு வந்தன. கூட்டுறவுப் பண்டகசாலையில் மேலாளராக இருந்தவன் நான். மூட்டையில் ஒரு கிலோ குறைந்தால் கையில் தூக்கியே சொல்லிவிடுவேன் என்று பேர். சொந்த வீட்டில் இவ்வளவு நாள் ஒரு செத்த விளக்கைப் பார்த்து ரசித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஹெப்சி வந்ததும் கேட்டேன்.

"ஏட்டி, நீ யார் லைன்ல வேலை பாக்க?"

அவள் பையைக் கீழே வைத்தாள். மறைக்கவில்லை.

"சித்தப்பா லைன்லப்பா. சித்திதான் பாஸ்வேர்டு சொல்லித் தந்தாவ. அன்னைக்கு நான் வேலைக்கு உக்காரலன்னா மறுநாளே சென்னைக்கு வரச் சொல்லிருப்பாங்க. என்ன செய்யச் சொல்லுதிய?"

அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். இன்னொன்றும் சொன்னாள்.

"டிவி ஓடுனா எனக்கு லைன் மெதுவாயிரும்னு சித்தப்பா டிவியே போடுறதில்ல. நான் கேக்கல. அவங்களாத்தான் நிப்பாட்டிட்டாவ."

இனிமேல் அந்த லைனைத் தொடக்கூடாது என்றேன். நம் லைன் சரியாகிவிட்டது, நமக்கு நம் லைன் போதும். அவள் மேஜையைப் பின்னறையிலிருந்து ஹாலுக்குத் தனியாகவே இழுத்து வந்தாள். நான் ஒரு கை கொடுத்திருக்கலாம்.

அக்டோபர் 22, புதன்

சாயங்காலம் ஆசீர் வீட்டு டிவி மறுபடி கேட்டது. சுவிசேஷக் கூட்டம். கடைசி வரை கேட்டேன், அணைத்தபின்தான் எழுந்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

நல்ல மழை. டீச்சர் வீட்டு முருங்கைக் கிளை முறிந்து வயர் மேல் விழுந்தது. ஹெப்சிக்குப் பாதி நாள் வேலை போயிற்று. மாரிச்செல்வத்தைப் போனில் பிடித்தேன். திட்டவில்லை, வாக்கு கொடுத்திருக்கிறேன். நாளை வருகிறேன் என்றான். நாளை என்பது அவன் வழக்கில் எந்த நாளும் ஆகலாம்.

அக்டோபர் 30, வியாழன்

சிவப்பு.

நவம்பர் 3, திங்கள்

லைன் வந்தது, மத்தியானம் போயிற்று, வந்தது. இந்த முறை அணில் கடித்துவிட்டது என்கிறான் மாரிச்செல்வம்.

ஹெப்சியை மேலதிகாரி அம்மா கூப்பிட்டுப் பேசிவிட்டாள். இதுதான் கடைசி. வருகிற திங்கள்கிழமை காலையில் ஒன்று வீட்டில் உறுதியான லைன் இருக்க வேண்டும், அல்லது ஹெப்சி சென்னை அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

சென்னையும் நல்ல ஊர்தான், பீச் உண்டு என்றேன். ஹெப்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா லைனை எடுத்துக்கிட்டா நான் போகவே வேண்டாம். எடுத்துக்கிடட்டாப்பா?"

"உன் இஷ்டம்."

"எப்பப் பாத்தாலும் எம்மேல போடுதிய. உங்க இஷ்டம் என்னன்னு சொல்லுங்க."

"எனக்கென்ன இஷ்டம். நீதானே வேலை பாக்கப் போற."

அவள் உள்ளே போய்விட்டாள். ராத்திரி சாப்பிடும்போது, ஞாயிற்றுக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றாள். கீழ் பெர்த்தா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். கீழ் பெர்த் கிடைப்பது சிரமம்.

நவம்பர் 5, புதன்

பரணிலிருந்து பெரிய சூட்கேஸை இறக்கி, துடைத்து, வெயிலில் வைத்தேன். சக்கரம் ஒன்று கீச்சிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டேன், இப்போது சத்தமில்லை. கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு, பருப்புப் பொடிக்குச் சாமான், சீரணி மிட்டாய் கொஞ்சம் வாங்கினேன். ஹாஸ்டல் சாப்பாடு எப்படி இருக்குமோ. அவளுக்குக் காரம் ஆகாது என்று அங்கே யாருக்குத் தெரியும்.

வழியில் மாரிச்செல்வத்தைப் பார்த்தேன். ஒரு பேச்சுக்காகக் கேட்டேன், வடக்குத் தெருவிலிருந்து நேராக இழுத்தால் திங்கள்கிழமைக்குள் முடியுமா என்று. சனிக்கிழமையே முடித்துத் தருகிறேன், அது அறவே அறாது, அந்த மாடிக்காரர் ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் போதும் என்றான்.

நேராகக் கோயிலுக்குப் போய்க் கோயில்பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னேன். வழக்கமாக நான் பாதி சொல்லும்போதே கிளம்பிவிடுகிற மனிதர். இன்று மணிக்கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

"குழாயின்னா நான் சொல்லுவேன் ஐயா. வெள்ளையடிக்கன்னாலும் சொல்லுவேன். இது உங்க பிள்ள காரியம். இதை நீங்கதான் போய்க் கேக்கணும்."

அவருக்குக் கொடுக்கிற மரியாதையை இனிக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

மீன் வாங்கவில்லை. ஹெப்சி துணிகளை மடித்துக் கட்டிலில் அடுக்கியிருக்கிறாள். நான் அந்த அறைப்பக்கம் போகவில்லை. காலை நடை இரண்டு சுற்று அதிகம். இரண்டு சுற்றிலும் ஆசீர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது, வேறு வழி இல்லை.

உண்மையை எழுதிவிட்டால் நல்லது. தூக்கம் வரவில்லை. இந்த வீட்டில் மறுபடியும் ரொட்டியும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு தனியாக உட்காரப் போகிறேன்.

நவம்பர் 7, வெள்ளி

ஹெப்சி இன்று லீவு. கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று பதினொரு மணிக்குக் கிளம்பிப் போனாள். அவள் போனதும் சட்டையை மாற்றிக்கொண்டு ஆசீர் வீட்டுக்குப் போனேன்.

அவன் பக்கம் என் பக்கத்தைத் திருப்பிப் போட்டதுபோல இருக்கிறது. எனக்கு இடதுகைப்பக்கம் இருக்கும் ஜன்னல் அவனுக்கு வலதுகைப்பக்கம். அப்பா நாற்காலி அவனிடம்தான் இருக்கிறது. அதில் அவன் உட்கார்ந்து, டிவியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தான். முடி நன்றாகக் கொட்டிவிட்டது. ஞாயிறுதோறும் கோயிலில் அவன் முதுகைப் பார்க்கிறேன், இது தெரிந்திருக்கவில்லை.

எழுந்து நின்றான். "வாங்கண்ணன்" என்றான். டிவியை அணைத்தான். எதிர் நாற்காலியைக் காட்டினான், உட்கார்ந்தேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

வயர் விஷயத்தைச் சொன்னேன். கையைக் காதில் குவித்து, என்னது என்றான். இவனுக்குக் காது மந்தம் என்பது டிவி சத்தத்திலிருந்தே தெரிந்த விஷயம்தான். மெஷின் வாங்கியிருக்கிறான் என்று கேள்வி, போட்டுக்கொள்ள வெட்கமாக இருக்கும். சத்தத்தைக் கூட்டி மறுபடி சொன்னேன். வடக்குத் தெருவிலிருந்து வயர் வரும், மாடி வழியாக, உனக்கு ஒரு தொந்தரவும் இராது.

"எதுக்கு ரெண்டு வயரு? பிள்ளைக்கு என் லைன் இருக்கு. நான் எப்பம் வேண்டாம்னேன்?"

"நான்தான் வேண்டாம்னேன்."

"அது தெரியும். அப்பம் இப்ப எதுக்கு வந்திய?"

வயருக்காக என்று சொல்ல முடியாது, வயர் தேவையில்லை என்றாகிவிட்டது. லைனுக்காக என்று சொல்ல முடியாது, லைனை அவன் நிறுத்தவே இல்லை. கல்லறைக் கல் ஞாபகம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. சூட்கேஸ் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டதுதான் ஞாபகம் வந்தது.

தரையைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள் சொன்னேன்.

"கேக்கலண்ணன். சத்தமாச் சொல்லுங்க."

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். கேட்கவில்லை என்று தலையை ஆட்டினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்று கத்தினேன்.

"அவ போயிட்டா நான் ஒத்தையில கெடந்து சாவணும்டா. அவ போகக்கூடாது. எனக்கு அவ இங்கதான் இருக்கணும்."

தெருவுக்கே கேட்டிருக்கும். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண் நிறைந்துவிட்டது. எழுதுவதற்கு வெட்கமாக இருந்தாலும் நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

சமையலறையிலிருந்து காப்பி வந்தது. புஷ்பம் கொண்டு வரவில்லை. ஹெப்சி கொண்டு வந்தாள். கடைத்தெருவுக்கு என்று போனவள், சித்தியிடம் சொல்லிக்கொண்டு போக வந்து, உள்ளே இருந்திருக்கிறாள். தட்டில் இரண்டு டம்ளர். ஒன்றை ஆசீருக்குக் கொடுத்தாள். இன்னொன்றை என் கையில் கொடுக்காமல் ஸ்டூலில் வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிறாற்போலச் சொன்னாள்.

"இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் டிக்கெட்டே எடுத்திருக்க மாட்டேம்லாப்பா."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். புஷ்பம் சமையலறை வாசலில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஆசீரைப் பார்த்தேன். அவன் மறுபடி கையைக் காதில் குவித்தான்.

"அவ என்ன சொல்லுதா?"

எழுந்து, நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சொல்வதற்காகக் காதருகே குனிந்தேன். மெஷின் காதில்தான் இருந்தது, முதலிலிருந்தே எல்லாம் கேட்டிருக்கும். இருந்தாலும் சொன்னேன்.